ஓன் மே ஒப்பித்த கோபம்

பர்மாவில் எங்கள் மோல்மேனில் மழை பிடித்துவிட்டால் ஊரே பாதித் தூக்கத்தில்தான் நடமாடும். மலைமேல் இருக்கும் பகோடாக்கள் மேகத்துக்குள் போய்விடும். ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று படகுக்காரனுக்கே தெரியாது. அந்தத் தூக்கத்துக்கு நடுவிலும் கீழ்ச்சந்தை முனையில் ஒரு குரல் மட்டும் கணீரென்று கேட்கும். அது மொஹிங்கா விற்கிற ஓன் மேயின் குரல்.

மீனையும் வாழைத்தண்டையும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பை அரிசிச் சேமியாவின்மேல் ஊற்றிக் கொடுப்பாள். கூடவே இரண்டு வசவும் கொடுப்பாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தேன்க்கா" என்று யாராவது கிண்ணத்தை நீட்டினால், "ஏன், உங்க வீட்ல குளிக்கத் தண்ணி இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றுவாள். ஊற்றாமல் இருந்ததில்லை. கோபம் அவளுக்கு மூக்குமேல் என்று ஊரார் சொல்வார்கள். எனக்கென்னவோ மூக்குமேல் இருந்தது சத்தம் மட்டும்தான் என்று படும். நிஜக் கோபத்தை எங்கே வைத்திருக்கிறாள் என்று அவளுக்கே பத்தொன்பது வருஷமாகத் தெரியாது.

வருஷாவருஷம் மழை உச்சத்தில் இருக்கும்போது பத்து நாள் கடையை மகள் வின் யீயிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்துத் தியானப் பள்ளிக்குப் போய்விடுவாள். பக்கத்துக் கடை வெற்றிலைக்காரி டோ பூ ஒவ்வொரு தடவையும் ஒரே கேலியைத்தான் செய்வாள்.

"பத்து நாள் வாயத் தெறக்காம இருப்பியாடி? வெடிச்சிடப் போற."

"நான் வெடிச்சா உன் சுண்ணாம்பு டப்பா உருண்டு போயி ஆத்துல விழும். புடிச்சு வெச்சுக்க."

அதற்குப் பிறகு பத்து நாளும் பேச்சில்லை. பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, எட்டு விரதம் எடுத்துக்கொண்டு, நண்பகலுக்குமேல் ஒரு பருக்கை தொடாமல் இருப்பாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பள்ளியில் கிடைக்கிற முதல் புண்ணியம், பத்து நாள் யாரும் அவர்களிடம் சோறு கேட்காததுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அங்கே நேரம் வேறு மாதிரி ஓடும். நீள வராந்தாவில் நாற்பது பெண்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடப்பார்கள். காலைத் தூக்கும்போது தூக்குதல், நகர்த்தும்போது நகர்த்தல், வைக்கும்போது வைத்தல். இப்படி நடப்பதையெல்லாம் மனசுக்குள் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். மழை கேட்டால் கேட்டல். முட்டி நொந்தால் வலி. கடை ஞாபகம் வந்தால் நினைத்தல். வந்ததைத் துரத்தக்கூடாது, போனதைக் கூப்பிடக்கூடாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகவே அரை மணி நேரம் ஆகும். பாதி வழியில், தான் நடக்கிறோமா, வராந்தா தன் காலுக்கடியில் மெதுவாக நகர்கிறதா என்று ஓன் மேக்கு மயங்கும். ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் ஒரு துளி விழுந்து, அடுத்த துளி விழுவதற்குள் ஒரு முழு மத்தியானம் கழிந்துவிட்டதுபோல இருக்கும்.

தினமும் போதிக்கிற பிக்குவின் முன்னால் மண்டியிட்டு ஒப்பிக்க வேண்டும். என்ன வந்தது, அதை எப்படிக் குறித்தேன், குறித்தபின் அது என்ன ஆனது. இந்த மூன்றுதான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஒப்பிப்பதில் ஓன் மே கெட்டிக்காரி. மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருவாள் என்று அவளுக்குப் பெயர். ஆனால் முதல் வருஷத்திலிருந்து அவள் ஒப்பிப்பில் ஒன்று மட்டும் மாறவே இல்லை.

"நெஞ்சுல சூடு வந்துச்சு சாமி. சூடு, சூடுன்னு குறிச்சேன். கொஞ்சம் தணிஞ்சுது. திரும்ப வந்துச்சு."

டாக்டர் அதற்குப் புளிப்பு அதிகம் என்று மாத்திரை கொடுத்தார். டோ பூ வெற்றிலைச் சாறு கொடுத்தாள். ஓன் மே இரண்டையும் சாப்பிட்டாள். சூடு போகவில்லை.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

அவள் புருஷன் பெயர் கோ பா யின். படகுத்துறையில் கணக்கப்பிள்ளை. சாது, அதிகம் பேசமாட்டார். வின் யீக்கு ஆறு வயதாக இருக்கும்போது, தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் ஏழு நாள் காவி உடுத்திக்கொள்ள ஆசைப்பட்டார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் செய்வதுதான். மடத்தில் ஏழு நாள் இருந்து, புண்ணியம் சேர்த்துக்கொண்டு, மொட்டைத்தலையோடு வீட்டுக்கு வந்து பழையபடி சண்டை போடுவார்கள். பெண்டாட்டி சம்மதம் இல்லாமல் காவி கொடுக்கமாட்டார்கள் என்பதால் அவர் கேட்டார். அவளும் சந்தோஷமாகச் சம்மதித்தாள். புதுப் பட்டு லுங்கி கட்டிக்கொண்டு, அவர் காவியைத் தன் தலையில் சுமந்து ஊர்வலமாக மடம்வரைக்கும் போனாள்.

எட்டாம் நாள் புளிச்சகீரையும் இறாலும் சமைத்து வைத்துக் காத்திருந்தாள். அவர் வரவில்லை. மடத்துக் காரியக்காரர் ஒருவர் வந்து, "இன்னும் கொஞ்ச நாள் இருக்காராம்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் மழைக்காலமாயிற்று. மழைக்காலம் வருஷமாயிற்று. கோ பா யின் என்ற பெயர் போய் ஊ சோபித என்ற பிக்கு ஆகிவிட்டார்.

ஊர் என்ன செய்தது? வரிசையாக வந்து வாழ்த்தியது. "எவ்வளவு பெரிய புண்ணியம் ஓன் மே! புருஷனையே தானம் பண்ணிட்டியே!" அவளும் கைகூப்பி, நல்ல காரியத்துக்கு எல்லோரும் சொல்வதுபோல "சாது, சாது" என்று சொன்னாள். வேறு என்ன சொல்ல முடியும்? குடித்துவிட்டு ஓடினவனைத் திட்டலாம். இன்னொருத்தியோடு போனவனை நடுத்தெருவில் செருப்பால் அடிக்கலாம், ஊரே செருப்பு எடுத்துக் கொடுக்கும். காவியின்மேல் கோபப்படுவதற்கு எங்கள் ஊரில் இடமே கிடையாது. அது பல பிறவிக்குத் தொடரும் பாவம். அவள் பாத்திரத்தைக் கழுவிவிட்டு மறுநாள் மொஹிங்காக் கடை போட்டாள். அன்றைக்குத்தான் நெஞ்சில் முதல் சூடு.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. மழைக்காலம் முடியும் பௌர்ணமியில் சின்னவர்கள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு, உடம்பாலும் வாயாலும் மனசாலும் செய்த குற்றத்தையெல்லாம் பொறுக்கச் சொல்வார்கள். வருஷம் முழுக்க முகம் திருப்பிக்கொண்டு போன மருமகள்கூட அன்றைக்குக் குனிந்துவிடுவாள். ஆனால் காவி உடுத்தியவர் இல்லறத்தார் யார் முன்னும் குனியக்கூடாது. அப்படியென்றால் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆள் எந்த ஜன்மத்திலும் கேட்கப்போவதில்லை. நேரில் பார்த்தால் குனிய வேண்டியவள் அவள்தான். அதனால் அவள் பார்க்கவே போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தீவில் இருந்த அவருடைய மடத்தின் திசையில் கரண்டியைக்கூட நீட்டமாட்டாள்.

இந்த வருஷம் நாலாம் நாள், அவள் வராந்தாவில் பாதித் தூரம் போயிருந்தபோது வாசலில் வின் யீ குடையோடு நிற்பது தெரிந்தது. பார்த்தல், பார்த்தல் என்று குறித்துக்கொண்டே அவள் வாசலை அடைய இருபது நிமிஷம் ஆயிற்று. வின் யீ நனைந்துகொண்டே பொறுமையாக நின்றாள்.

"அம்மா, பேசக்கூடாதுன்னு தெரியும். நீ பேசாத, நான் பேசறேன். அவரைத் தீவுலேர்ந்து டவுனுக்குக் கொண்டாந்துட்டாங்க. மலைமேல இருக்குற மடத்துல வெச்சிருக்காங்க. கல்லீரல் போச்சாம். மழை முடியற வரைக்கும் தாங்கினாப் பெருசுன்னாரு டாக்டர்."

ஓன் மே மகளின் சாய்ந்த குடையை நிமிர்த்திப் பிடித்தாள்.

"உன் பத்து நாள் முடிஞ்சதும் ஒரு வேளை சோறு கொண்டு போய்க் குடும்மா. என்ன இருந்தாலும்... சரி விடு, அதச் சொல்லல. ஆனா உன் வாயக் கட்டிக்கிட்டுப் போ. அதுதான் எனக்கு பயம்."

"எனக்கும்" என்று ஓன் மே முணுமுணுத்தாள். விரதம் முறிந்தது.

திரும்பி நடக்கும்போது கால் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. போனால் வாய் திறந்துவிடும். சாகக் கிடக்கும் பிக்குமேல் பத்தொன்பது வருஷத்தைக் கொட்டினால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு போய்க் கழுவுவது? போகாமல் இருந்தால் அவர் போய்விடுவார், இவள் மிச்ச நாளெல்லாம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கிடப்பாள். சூடு, சூடு என்றாள். சூடு கேட்கிற மாதிரி இல்லை.

ஆறாம் நாள் மதியச் சாப்பாட்டில் புளிச்சகீரை வைத்தார்கள். அங்கே சாப்பாடும் தியானம்தான். கை நீட்டுதல், எடுத்தல், வாய் திறத்தல், மெல்லுதல். வெளியே மழை விடாமல் ஒரே சுருதியில் பெய்தது. ஐம்பது பேர் சாப்பிடுகிற கூடத்தில் ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை. ஓன் மே ஒரு வாய் வைத்தாள். புளிப்பு என்று குறித்தாள். அடுத்தது நினைத்தல். அப்புறம் நெஞ்சில் வழக்கம்போல அது எழும்பியது. சூடு என்று சொல்லப் போனவளுக்கு, யாரோ உள்ளேயிருந்து சொல்வதுபோல வேறு வார்த்தை வந்தது.

கோபம்.

மென்றதை விழுங்காமல் அப்படியே இருந்தாள். கூரை இடிந்து விழும் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். கூரை விழவில்லை. மழை அதே சுருதியில் பெய்தது. எதிர்வரிசைக் கிழவி ஒருத்தி மீன்முள்ளை ஆயுசு முழுவதும் எடுத்துக்கொண்டே இருப்பவள்போல எடுத்துக்கொண்டிருந்தாள்.

கோபம், கோபம். இப்போது அது சூடாகவே இல்லை. அரைக் கனவில் தெரிவதுபோல அவள் வீட்டு வாசல் தெரிந்தது. அதில் முப்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். அவள் யாரையும் அடிக்க வரவில்லை, கத்தவும் இல்லை. எதையோ கேட்க வேண்டும் என்று நின்றாள். என்ன வேண்டும் என்று ஓன் மே அவளை முதல்முறையாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, பாவமாக இருந்தது. இத்தனை வருஷமும் இவளைத்தான் நாம் மாத்திரை போட்டு விரட்டினோமா என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் ஒப்பிக்கப் போனாள். போதிக்கிற பிக்குவுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். ஜலதோஷம் வேறு.

"கோபம் வந்துச்சு சாமி." சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "காவி மேல."

பிக்கு மூக்கைத் துடைத்தார். "கோபம்னு குறிச்சீங்களா?"

"குறிச்சேன்."

"அப்புறம்?"

"போகல சாமி."

"சரி. நாளைக்கும் இருந்தா நாளைக்கும் குறிங்க. அடுத்தவங்க?"

அவ்வளவுதான். முட்டிவலியைக் கேட்டுக்கொள்வதுபோல அதையும் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து வந்து தன் கொசுக்கடியை ஒப்பிக்க ஆரம்பித்தாள். ஓன் மே எழுந்திருக்காமல் மண்டியிட்டபடியே இருந்தாள். உலகத்தில் எந்தப் பெண்ணும் எந்தப் பிக்குவிடமும் கோபம் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது, அது பாவமும் இல்லை, சண்டையும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பதினோராம் நாள் காலையில் வாளைமீன் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு குதிரைவண்டியில் மலைமேல் போனாள். மடம் மேகத்துக்குள் இருந்தது. படிகளில் நாலு படிக்கு மேல் தெரியவில்லை. ஏற ஏற அடுத்த படி அப்போதுதான் முளைப்பதுபோல வந்தது.

ஊ சோபித ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பூத்த கண். கழுத்தெலும்பு தெரிந்தது. பெண் வந்தால் பிக்கு தனியாக இருக்கக்கூடாது என்பதற்காகப் பணிவிடைக்காரர் ஊ போ தெட், எழுபது வயதுக்காரர், தூணில் சாய்ந்துகொண்டார். உட்கார்ந்த உடனே கண் சொருகிவிட்டது.

ஓன் மே மூன்று முறை தரையில் நெற்றி படக் குனிந்தாள். குனியக் குனிய அது எழும்பியது. கோபம், கோபம். எழுந்து குட்டையான வட்டமேசையில் சோற்றையும் குழம்பையும் வைத்தாள். மேசையின் இந்த விளிம்பை அவள் தூக்கிப் பிடிக்க, அந்த விளிம்பை அவர் தொட்டு வாங்கினார். பிக்குவுக்கு எல்லோரும் அப்படித்தான் உணவு கொடுப்போம். ஆனாலும் ஒரே பலகையின் இரண்டு பக்கமும் அவர்கள் கை இருந்த அந்தக் கொஞ்ச நேரம், இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

"உபாசகியம்மா சௌக்கியமா?" என்றார் அவர்.

பெண்டாட்டியை இப்படி ஊர்ப் பக்தையைப்போலக் கூப்பிடுவதற்கு என்ன பதில் சொல்வது? "சௌக்கியம் சாமி. பத்து நாள் தியானத்துல இருந்துட்டு வரேன். ஒப்பிக்கலாமா?"

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இது அவருக்குத் தெரிந்த பாடம். "ஒப்பிங்க."

"கோபம் வந்துச்சு சாமி."

"குறிச்சீங்களா?" வழக்கமாக வந்த கேள்வி, வழக்கம்போல வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. தலையணையைவிட்டு மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குறிச்சேன். பத்தொம்பது வருஷம் அதுக்கு சூடுன்னு தப்பாப் பேர் வெச்சிருந்தேன். இந்த வருஷம்தான் சரியா வெச்சேன்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"போகல. உத்துப் பாத்தேன். வாசல்ல நிக்குது சாமி. எட்டாம் நாள் காலைலேர்ந்து நிக்குது."

மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து போயிற்று. அவர் அது போன பக்கமே பார்த்தார். பிறகு, "ஏழாம் நாள் விடிகாலை உக்காந்திருந்தேன்" என்றார். "எழுந்திருக்க மனசே வரல. உன்கிட்ட..." நிறுத்தி, திருத்திக்கொண்டார். "உபாசகியம்மாகிட்ட கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயம். அதான் ஆள அனுப்பிட்டேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. சந்தையில் யாரும் கேட்டிராத குரல் அது. "அழுதிருப்பேன். திட்டியிருப்பேன். சட்டியத் தூக்கிப் போட்டு ஒடச்சிருப்பேன். ஆனா குடுத்திருப்பேன் சாமி. நீங்க கேக்கல. கோபம் அதுதான். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டாள். கூரை அப்படியேதான் இருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடை வரைக்கும் வந்தது. துடைக்கவில்லை. குனிய முடியாதவர், மன்னிப்பென்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர். காவியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மடியில் கையை வைத்து, முதல்முதலாகக் காவி வாங்க வந்தவரைப்போல நேராக உட்கார்ந்தார்.

"இப்பக் கேக்குறேன். இருக்கற வரைக்கும் நான் இப்படியே இருக்க, உபாசகியம்மா சம்மதிக்கணும்."

ஊ போ தெட் திடுக்கிட்டு விழித்தார். "சாமிக்கு எதுக்குங்க சம்மதம்?"

ஓன் மே கண்ணை மூடி உள்ளே பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் வாசலில்தான் நின்றாள், ஆனால் தெருவைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தாள். நாமும் ஒருத்தரைக் காக்க வைத்திருக்கிறோம் என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. சந்தோஷம் என்று அதையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"இருங்க சாமி" என்றாள் கடைசியில். "நான் சம்மதிக்கிறேன். கோபம் இன்னும் இருக்கு. அதுவும் இருக்கட்டும்."

"சாது, சாது, சாது" என்று ஊ போ தெட் மூன்று தடவை உரக்கச் சொன்னார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. நல்ல காரியம்போலத் தோன்றினால் எங்கள் ஊரில் சொல்லிவிடுவோம். "மணி பதினொன்றரை ஆயிடுச்சு சாமி. பன்னண்டுக்குள்ள ஆகணும்."

ஊ சோபித கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். சோற்றைக் குழம்பில் பிசைந்து, ஒரு வாய் எடுத்து, மெதுவாக மென்றார். ஓன் மே அங்கேயே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுகை, அழுகை என்று குறிக்கவில்லை. அழுதாள்.